தெருக்குத்து

திண்டுக்கல்
15.9.2024

அன்புத் தங்கை லிடியாவுக்கு,

அண்ணன் மிக்கேல்ராஜ் எழுதுவது. ஆண்டவர் காவலில் எல்லோரும் இருக்கிறோம். ஏற்காட்டுக் குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா? கன்னியர் மடத்து நவதுறவகத்தில் ஓராண்டுக்குக் கைபேசி கிடையாது என்றதும் அப்பா சிரித்தார். “நல்லதுதான். மிக்கேலு பேனா புடிக்கட்டும். ப்ளாட்டுக்குக் கோடு போட்டுப் போட்டு எழுத்தே மறந்துபோச்சு அவனுக்கு.”

நீ கிளம்பிய பத்தாம் நாள் நாகல்நகர் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு நாங்கள் காலனிக்கே வந்துவிட்டோம். அப்பாவைத் தனியாக விட மனமில்லை. ஆக்னஸுக்குத் தாத்தாவோடு பொழுது போகிறது. அவர் தோல்ஷாப்பில் தோல் பதனிட்ட காலத்துக் கதைகளை எனக்குத் திருப்பிச் சொல்கிறாள். நான்கு வயதுக்கு அவளிடம் வார்த்தைகள் அதிகம்.

எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை.

புதன்கிழமை மத்தியானம் ஆக்னஸுக்குக் காய்ச்சல். உன் மதினி சகாயம் அவள் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள். கண் மேலே போய்விட்டது. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. அப்பா தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் நீட்டினார். ஏன் என்று புரியாமலே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு நிமிடம். ஆட்டோவில் ஏற்றிய பிறகு நின்றது.

வலிப்பு மறுபடி வரலாம் என்றார் டாக்டர். ஐந்து நிமிடம் தாண்டினால் உடனே கொண்டுவர வேண்டும். நேரம் நீள நீள மூளைக்கு ஆபத்து.

வத்தலக்குண்டு சாலை ஆஸ்பத்திரிக்குச் சின்ன வயதில் நாம் நடந்தே போவோம். பத்து நிமிடம். புதன்கிழமை ஆட்டோவில் இருபத்தாறு நிமிடம் ஆனது.

உன் ஜெபத்தில் அவள் பெயரைச் சொல்.

அண்ணன்
மிக்கேல்

*

ஏற்காடு
6.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இயேசுவுக்கே புகழ். நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆக்னஸ் எப்படி இருக்கிறாள்? மதினி சாப்பிடுகிறாளா? எனக்குத் தெரியும், அவள் சாப்பிட மாட்டாள். முதல் ஞாயிறுதான் கடிதம் எழுத அனுமதி. அதனால் இருபது நாள் தாமதம். இன்னொன்று, வருவதையும் போவதையும் எங்கள் தலைவி சிஸ்டர் படிப்பார். நல்லவர்தான். மனதில் வைத்துக்கொள்.

ஏன் இருபத்தாறு நிமிடம்? நம் தெருவிலேயே நேராக வடக்கே போனால் மல்லிகை நகர். அதைத் தாண்டினால் சாலை. நீ படம் வரைந்த முதல் லேஅவுட் ஆயிற்றே. பூங்காவுக்குப் பச்சை அடித்தது நான்தான். கோட்டுக்கு வெளியே அடித்துவிட்டேன் என்று குட்டினாய். அந்தப் படத்தில் நம் தெரு மல்லிகை நகருக்குள் நுழைந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஆட்டோக்காரருக்கு வழி தெரியவில்லையா?

தங்கை
லிடியா

*

திண்டுக்கல்
20.10.2024

அன்பு லிடியா,

காய்ச்சல் இல்லை. நாளுக்கு ஆறு முறை தொட்டுப் பார்க்கிறோம். “என்னைய ஏன் எல்லாரும் தொடுறீங்க” என்கிறாள். நீ நலமாக இரு, அது எங்களுக்குப் பாதி மருந்து.

ஆட்டோக்காரருக்கு வழி தெரியும். வழிதான் இல்லை. போன ஞாயிறு பூசை முடிந்து நடந்து பார்த்தேன்.

வடக்கே, நம் தெரு முடியும் இடத்தில், மல்லிகை நகரின் சுவர். ஆறடி. அதற்கு அப்பால் ஆஸ்பத்திரி போர்டு தெரிகிறது. படிக்கவே முடிகிறது.

கிழக்கே மாந்தோப்பு இருந்த இடத்தில் வரிசையாக ஒரே மாதிரி வீடுகள். கேட். காவலாளி “டெலிவரியா?” என்றார். இல்லை என்றேன். “அப்ப சுத்திப் போங்க.”

மேற்கே கனகாம்பரத் தோட்டம் இருந்ததே, அதிலும் மனை போட்டுவிட்டார்கள். ஐந்து தெரு. ஐந்தும் நம் பக்கம் வந்து நின்றுவிடுகின்றன. அவர்கள் சுவருக்கும் மல்லிகை நகர்ச் சுவருக்கும் நடுவில் ஒன்றரை அடி. பக்கவாட்டில் நுழைந்து பார்த்தேன். பாதியில் தோள் சிக்கிக்கொண்டது. செத்த நேரம் அப்படியே நின்றேன்.

தெற்கே ரயில் பாதை. அதை ஒட்டிப் போய், ரயில் கேட் தாண்டி, ஊரைச் சுற்றி வர வேண்டும். இருப்பது அது ஒன்றுதான். கேட் போட்டுவிட்டால் இன்னும் பத்து நிமிடம்.

இந்தச் சுவர்கள் வேறு வேறு ஆண்டில் வந்தவை. வேறு வேறு ஆட்கள் வரைந்தவை. ஒருவர் அடைத்தபோது இன்னொரு பக்கம் திறந்திருந்தது. நாம் சின்னவர்களாக இருந்தபோது வெளியே போக ஆறு வழி இருந்தன, எண்ணிப் பார்த்தேன். அப்போது நம்மைச் சுற்றி ஊரே இல்லை.

மல்லிகை நகர்ச் சுவருக்குத் தெருக்குத்து காரணம் என்று சொல்கிறார்கள். நாற்பத்தொன்றாம் மனை. நம் தெரு நேராகப் போய் அந்த வீட்டு வாசலில் முட்டுமாம், அது வீட்டுக்கு ஆகாதாம். அப்பாவிடம் சொன்னேன். “நம்ம தெரு போய்க் குத்துற அளவுக்குக் கூராவா இருக்கு?” என்றார். “புள்ளையார வெச்சுக்கிறது. இல்லன்னா அந்தோணியாரை நாம குடுத்திருப்போம்.”

அண்ணன்
மிக்கேல்

*

ஏற்காடு
3.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

மாதாவின் துணை எல்லோருக்கும் இருக்கட்டும். அப்பாவின் இருமல் எப்படி? காலையில் தோட்ட வேலை, பிறகு மௌனம், மறுபடி தோட்டம் என்று என் நாள் போகிறது. மௌன நேரத்தில் அந்த ஒன்றரை அடிச் சந்தில் நீ நிற்பது கண்ணில் வருகிறது.

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். ‘சொல்கிறார்கள்’ என்று எழுதியிருக்கிறாய். யார் சொல்கிறார்கள்?

நான் பச்சை அடித்த படத்தில் வழி இருந்தது. எப்போது மாற்றினார்கள்? மாற்றிய படத்தை யார் வரைந்தார்கள்?

கேட்டால் திறப்பார்களோ என்றுதான் கேட்கிறேன். வேறு எதற்கும் இல்லை.

லிடியா

*

திண்டுக்கல்
24.11.2024

லிடியா,

இரண்டாவது முறை. வியாழன் காலை. மூக்கில் அடிக்கும் மருந்து டாக்டர் கொடுத்திருந்தார், நான்காம் நிமிடத்தில் அடித்தேன், நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. எப்போதும் இதற்கு நிற்கும் என்று சொல்ல முடியாது என்கிறார்.

சகாயம் தூங்குவதில்லை. மற்றபடி சுகம்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

மிக்கேல்

*

ஏற்காடு
29.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

பாலன் பிறந்த மகிழ்ச்சி நம் வீட்டிலும் இருக்கட்டும். கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலத்தில் கடிதம் கொடுப்பதில்லை. நான்கு வாரம் உன் கடிதம் அலுவலக மேசையில் இருந்திருக்கிறது. கிறிஸ்துமஸ் அன்று தந்து, இன்று பதில் எழுத விட்டார்கள். உறையைக் கையில் வைத்துக்கொண்டு மாதா கெபியைச் சுற்றி மூன்று சுற்று வந்தேன். திறக்கப் பயம்.

ஆக்னஸுக்காக இங்கே பதினோரு பேர் ஜெபமாலை சொல்கிறோம். அவளிடம் சொல். அத்தை பனியில் காலுறை போட்டுக்கொண்டு கேரட் பிடுங்குகிறாள் என்றும் சொல். சிரிப்பாள்.

நான் கேட்டது தபாலில் தொலைந்துவிட்டதோ என்னவோ. மறுபடி கேட்கிறேன். மாற்றிய படத்தை வரைந்தது யார்?

லிடியா

*

திண்டுக்கல்
19.1.2025

அன்பு லிடியா,

வீட்டில் எல்லோரும் சுகம். ஆக்னஸ் சிரித்தாள். கேரட் அனுப்பச் சொல்கிறாள். பொங்கலுக்கு அப்பா புது வேட்டி கட்டிக்கொண்டு சுவர் வரை நடந்துவிட்டுத் திரும்பி வந்தார்.

வரைந்தது நான்தான். அது உனக்குத் தெரிந்துதான் கேட்டாய். ஒரு கோடு. நம் தெரு நுழையும் இடத்தில் இருந்த இரண்டு சின்னக் கோடுகளை அழித்துவிட்டு நீளமாக ஒன்று. வெளியே ‘பிறர் நிலம்’ என்று எழுதினேன். எல்லைக்கு அப்பால் இருக்கும் எதையும் அப்படித்தான் எழுதுவோம். மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை சுற்றிப் போய் நாற்பத்தொன்றாம் வீட்டு வாசலில் நின்றேன். வேலுசாமி என்று பெயர். குஜிலியம்பாறைப் பக்கம். ஓய்வு பெற்றவர். செம்பருத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. “அடடே, படம் போட்ட தம்பியா? ராமுத்தாயி, ஒரு காப்பி சேத்துப் போடு.”

காப்பி குடித்தேன். வழி கேட்பதற்காகத்தான் போனேன். அவர் தானாகவே பேசினார். குஜிலியம்பாறையில் அவர்களுடைய பழைய வீடும் தெருக்குத்து வீடுதானாம். “நான் இதெல்லாம் நம்பாத ஆளு தம்பி. ஜல்லி லாரி. பிரேக் புடிக்கல. தெருவுல நேரா வந்து வாசல்ல ஏறிருச்சு. எம்மகன் முன்வாசல்ல ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கிட்டு இருந்தான்.” காப்பி கொண்டுவந்து நின்ற அவர் மனைவி உள்ளே போய்விட்டார். “இன்னமும் வாசலுக்கு நேரா வெட்டவெளி தெரிஞ்சா அவளுக்கு ஒடம்பு நடுங்கும். நீங்க அடச்சுக் குடுத்தீக. அந்தச் சொவரப் பாத்துத்தான் தூங்குறா.”

டம்ளரை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மிக்கேல்

*

ஏற்காடு
2.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆண்டவரின் அமைதி. பிப்ரவரியில் எனக்குக் காய்ச்சல், எழுத விடவில்லை. இப்போது தேவலை. பயப்படாதே.

அந்த அம்மாவுக்காகவும் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் நீ வழி கேட்கவில்லை. அவர்கள் பயம் உனக்குத் தெரிந்துவிட்டது. உன் பயம் அவர்களுக்குத் தெரியாது. ஆக்னஸ் என்று ஒரு பிள்ளை சுவருக்கு இந்தப் பக்கம் இருப்பதே தெரியாது. முந்நூறு அடி இருக்குமா?

புதன்கிழமை சாம்பல் பூசுகிறார்கள், தவக்காலம் தொடங்குகிறது. அதன் பிறகு உயிர்ப்பு ஞாயிறு வரை ஏழு வாரம் கடிதம் கிடையாது, எழுதவும் படிக்கவும். அதற்குள் கேட்டுவிடு அண்ணே. ‘மற்றது’ என்று ஒன்று எழுதினாயே, அதையும் சொல்லிவிடு. என்னிடம் சொல்ல வேண்டாம். அவரிடம் சொல்.

லிடியா

*

திண்டுக்கல்
27.3.2025

லிடியா,

இதை நீ படிக்கும்போது ஒரு மாதம் ஆகியிருக்கும். அதனால் முதலில் சொல்கிறேன். ஆக்னஸ் உயிரோடு இருக்கிறாள். கண் விழித்துவிட்டாள்.

செவ்வாய் காலை பதினொரு மணி. காய்ச்சலே இல்லை. தாத்தாவோடு கடலை உரித்துக்கொண்டிருந்தவள் சாய்ந்துவிட்டாள். நான்காம் நிமிடம் மருந்து அடித்தேன். நிற்கவில்லை. அதற்கு முன்பே சகாயம் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருந்தாள். ஆறாம் நிமிடம் ஓட்டுநரிடமிருந்து அழைப்பு. “சார், வந்துட்டேன். மேப்புல உங்க வீடு நேரா காட்டுது. இங்க சொவரு நிக்குது.”

சைரன் கேட்டது. அவ்வளவு பக்கத்தில். சுவருக்குப் பின்னால்.

தூக்கிக்கொண்டு ஓடினேன். கையில் வெட்டிக்கொண்டே இருந்தாள். அப்பா பின்னால் முக்காலியோடு வந்தார். அதில் ஏறி நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. அந்தப் பக்கம் ஏதோ இழுத்துப் போடும் சத்தம். பிறகு இரண்டு கைகள் சுவருக்கு மேலே வந்தன. நரைத்த முடி. வேலுசாமி.

“குடுங்க.”

கொடுத்தேன். “தலையப் புடிங்க, தலையப் புடிங்க” என்று அந்த அம்மாவின் குரல். ஒரு நொடி என் கையிலும் இல்லை, அவர் கையில் இருப்பதும் தெரியவில்லை. அந்த ஒரு நொடியை என்ன செய்வதென்று தெரியவில்லை லிடியா. அது போகவே மாட்டேன் என்கிறது.

ஆஸ்பத்திரியில் வலிப்பை நிறுத்தும்போது மொத்தம் இருபத்தொரு நிமிடம்.

வெளியே பெஞ்சில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முழங்கை சுவரில் தேய்ந்து தோல் போயிருந்தது. கேட்டார். “அன்னைக்கே உங்ககிட்டக் கேட்டேனே தம்பி. அந்தப் பாதையில ஆளுக பொழங்குறாகளான்னு. இல்லேன்னு சொன்னீகளே.”

இதுதான் மற்றது.

கேட்டார். நான்கு வருடத்துக்கு முன்பு, அலுவலகத்தில், படத்தின் மேல் விரலை வைத்து. முதலாளி பக்கத்தில் நின்றார். நான் சொன்னேன்: “அது காட்டுப் பாதைங்க. ஆள் பொழக்கம் கெடையாது.”

அலுவலகத்தில் என் ஊர் நாகல்நகர். காலனி என்று ஒருவருக்கும் சொன்னதில்லை. ஆள் இருக்கிறார்கள் என்றால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அந்த அடுத்த கேள்விக்குப் பயந்தேன். அவ்வளவுதான். கிழக்கே மாந்தோப்பு திறந்துதானே கிடக்கிறது, அப்பா அப்படிப் போய்க்கொள்வார் என்று நினைத்தேன். நினைத்தேனா, பிறகு சேர்த்துக்கொண்டேனா, தெரியவில்லை.

அவர் தெருக்குத்துக்காக மட்டும் கேட்டாரா, இந்தப் பக்கம் காலனி என்று தெரிந்து கேட்டாரா, அதுவும் தெரியவில்லை. அந்த முழங்கையைப் பார்த்துக்கொண்டு அதைக் கேட்க முடியவில்லை. டாக்டர் கூப்பிட்டதும் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

உங்கள் தலைவி சிஸ்டரும் இதைப் படிப்பார் என்று தெரியும். படிக்கட்டும்.

மிக்கேல்

*

ஏற்காடு
22.4.2025

அண்ணே,

உயிர்த்த ஆண்டவர் உங்களோடு இருக்கட்டும். உயிர்ப்பு ஞாயிறு காலை எல்லோரும் பாடிக்கொண்டிருந்தார்கள். நான் வரிசையின் கடைசியில் நின்று உன் முதல் நான்கு வரியைப் படித்தேன். பிறகு பாடினேன். மீதியைப் படிக்க இரண்டு நாள் ஆனது. உயிர்ப்பு வாரம் என்பதால் இன்று எழுத விட்டார்கள்.

ஆக்னஸ் பேசுகிறாளா? கண் விழித்துவிட்டாள் என்று மட்டும் எழுதியிருக்கிறாய். நீ எதையாவது எழுதாமல் விட்டால் இப்போது எனக்குக் குளிர்கிறது.

கோபம் இருக்கிறது. நம் தெருவைக் காட்டுப் பாதை என்றாய். அம்மாவை அந்த வழியாகத்தான் தூக்கிக்கொண்டு போனோம், கல்லறைக்கு.

இங்கே வந்த முதல் வாரம் ஒரு சிஸ்டர் என் வீடு எங்கே என்று கேட்டார். “திண்டுக்கல் டவுன்ல, சிஸ்டர்” என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

அவரிடம் சொன்னாயா?

லிடியா

*

திண்டுக்கல்
11.5.2025

அன்பு லிடியா,

நீ கேட்ட வரிசையிலேயே எழுதுகிறேன்.

ஆக்னஸ் பேசுகிறாள். நடக்கிறாள். சில வார்த்தைகள் மட்டும் இல்லை. ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டு பெயருக்காக யோசிக்கிறாள். கிடைக்காவிட்டால் பக்கத்தில் இருக்கும் பெயரை எடுத்துக்கொள்கிறாள். நாய்க்குப் பூனை. மழைக்குக் குழாய். திரும்ப வரலாம் என்கிறார் டாக்டர். இன்னொரு முறை இருபது நிமிடம் போகக்கூடாது என்கிறார்.

வேலுசாமியிடம் சொன்னேன். வீட்டுக்குப் போய் இல்லை. மல்லிகை நகர் சங்கக் கூட்டத்தில், முப்பது பேர் முன்னால். புதுப் படம் ஒன்று வரைந்து எடுத்துப் போனேன். எல்லைக்கு வெளியே நம் காலனியின் நாற்பத்தேழு வீட்டையும் வரைந்து, வீட்டுக்காரர் பெயர் எழுதி. அப்பாவின் பெயரும் இருக்கிறது, ஞானதாஸ். இது என் வீடு, ஆள் இல்லையென்று பொய் சொன்னது நான் என்றேன். உட்காரச் சொல்லவில்லை யாரும்.

ஒருவர் சொன்னார், “காலனிக்கு வழிய விட்டா அப்புறம் இது எப்படிங்க நகரா இருக்கும்?”

வேலுசாமி எழுந்தார். “தொறக்கலாம்” என்றார். ராமுத்தாய் அம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார். மற்றவர்கள் யோசிக்க வேண்டும் என்றார்கள்.

மறுநாள் வேலுசாமியே கடப்பாரை எடுத்து ஒன்பது கல்லைப் பெயர்த்தார். ஒரு ஆள் நுழையும் இடம். ஐந்து நாள் இருந்தது. ஆறாம் நாள் சங்கத்தில் ஆள் விட்டு அடைத்துவிட்டார்கள். பூச்சு இன்னும் ஈரமாக இருக்கிறது. அலுவலகத்தில் என்னை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்திருக்கிறேன். என் பெயரில், காலனி முகவரியில்.

இன்று காலை அவளுக்கு உடம்பு லேசாகச் சுடுகிறது. நூறு. வெயிலாகவும் இருக்கலாம். சகாயம் அரை மணிக்கு ஒரு முறை பார்க்கிறாள்.

தினமும் ஒரு முறை அவளைத் தூக்கிக்கொண்டு சுவர் வரை ஓடிப் பழகுகிறேன். அப்பா முக்காலியோடு முன்னால் போகிறார். நேற்று ஐம்பத்தெட்டு நொடி. அவளுக்கு அது விளையாட்டு. தோளில் குதித்துக்கொண்டு “வேகமா, அப்பா, வேகமா” என்கிறாள். சுவர் வந்ததும் ஈரப் பூச்சில் உள்ளங்கையால் தட்டுகிறாள்.

“தாத்தா, கதவத் தொறங்க.”

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. வேலுசாமியும் அங்கே நிற்கிறார் என்று நினைக்கிறேன். பெயர் மாற்றிச் சொன்னால் சரியானதைச் சொல்லித்தர வேண்டும் என்கிறார் டாக்டர், இது கதவில்லை, சுவர் என்று. தினமும் ஐந்து வார்த்தை சொல்லிக்கொடுக்கிறேன். அந்த ஒன்றை இன்னும் சொல்லித்தரவில்லை.

காய்ச்சல் குறைந்தால் எழுதுகிறேன். நீ சுகமாக இரு.

அண்ணன்
மிக்கேல்